டீப் ஃப்ரீசரில் மூன்று விரல் ஐஸ்: கத்தி எடுக்கலாமா?

12 ஆகஸ்ட் 2023: தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு கேள்வி

எங்கள் வீட்டுப் பெட்டி ஃப்ரீசரில் மூன்று விரல் கனத்துக்கு ஐஸ் கட்டிவிட்டது. மூடி சரியாக உட்காரவில்லை. கத்தியால் கொத்தினால் அரை மணியில் முடிந்துவிடும் என்கிறார் மச்சான். உள்ளே ஆடிக் கூழ் முடிந்து வந்த ஆட்டுக்கறி வேறு இருக்கிறது. லோட் ஷெட்டிங்கில், அதாவது முறை வைத்துக் கரண்டை நிறுத்துகிற நேரத்தில், தானாக உருகட்டும் என்று விட்டுவிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

12 ஆகஸ்ட் 2023, இரவு

முதலில் மச்சான் கையிலிருந்து கத்தியை வாங்கி வையுங்கள்.

நிற்கிற ஃப்ரிட்ஜ் வேறு, படுக்கிற பெட்டி வேறு. பெட்டி ஃப்ரீசரில் குளிர் வாயு ஓடும் குழாய் உள் தகட்டுக்குப் பின்னாலேயே நாலு பக்கமும் சுற்றி வருகிறது. ஐஸ் எங்கே கனமாகக் கட்டியிருக்கிறதோ, குழாயும் பெரும்பாலும் அங்கேதான். ஆக, நீங்கள் கொத்தப்போவது சரியாகக் குழாயின் தலைமேல். குழாய்க்குப் பின்னால் நுரை ஊற்றி அடைத்திருப்பார்கள். ஓட்டை விழுந்தால் தோண்டி எடுத்து ஒட்டுவது நடக்கிற காரியம் இல்லை.

எங்கள் வீட்டில் இது நடந்திருக்கிறது. 2006. என் வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு குத்து. "ஸ்ஸ்ஸ்" என்று பாம்பு மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். வந்து பார்த்த ரிப்பேர்காரர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, வந்து போன கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

பிளக்கைக் கழற்றி, மூடியைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு நாள் பொறுமையாக இருங்கள். மீதியை நாளை எழுதுகிறேன்.

13 ஆகஸ்ட் 2023

லோட் ஷெட்டிங்கில் உருகட்டும் என்று கேட்டிருந்தீர்கள். அது நடக்காது. இரண்டரை மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் மூடிய பெட்டியில் மேலாக இருக்கிற பூப்பனி மட்டும் கொஞ்சம் ஈரமாகும். கரண்ட் வந்ததும் அந்த ஈரம் கண்ணாடி மாதிரி இறுகும். பொருபொருவென்று இருந்ததைச் சுரண்டியாவது எடுத்திருக்கலாம், இப்போது அது கல். இந்த இரண்டு வருடமாக எல்லார் வீட்டுப் பெட்டியிலும் ஐஸ் இவ்வளவு கெட்டியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கறியை என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று: எதற்கு இப்போது அவசரம்? செப்டம்பர் 18 புரட்டாசி பிறக்கிறது. நம் வீடுகளில் எப்படியும் ஒரு மாதம் கறி மீன் கிடையாது. அதற்குள் ஐந்து வாரத்தில் உள்ளே இருப்பதைத் தின்று தீர்த்துவிட்டு, புரட்டாசிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலிப் பெட்டியைத் திறந்து வைத்தால் வேலையே இல்லை.

நான் 1998-ல் கல்யாணமாகி கும்பகோணத்திலிருந்து டர்பனின் சாட்ஸ்வர்த்துக்கு வந்தவள். அதுவரைக்கும் இந்த மாதிரிப் பெட்டியை ஐஸ்கிரீம் கடையில்தான் பார்த்திருந்தேன். முதல் வாரம் பின்கட்டுக்குப் போய் மூடியைத் தூக்கினால், உள்ளே ஒரு வருடத்து நாட்காட்டியே படுத்திருந்தது. மேலே ஆடி மாதத்துக் கோழி, அதற்குக் கீழே ஜூன் ஜூலையில் தென்கடற்கரையில் மத்தி ஓடியபோது வாளியாக வாங்கின மீன், ஓரத்தில் ஆட்டுக்கால், குடல், நடுவில் நூற்றுக்கணக்கில் சமூசா. அத்தை சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "பொரட்டாசிக்கு முன்னாடி இதோட அடி தெரியணும்மா." இதைவிட நல்ல யோசனையை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.

13 ஆகஸ்ட், கொஞ்ச நேரம் கழித்து

மேலே "ஒரு நாள் பொறுமையாக" என்று எழுதியது மிகை. மூன்று விரல் ஐஸ் டர்பன் வெயிலில் ஆறேழு மணி நேரம். உங்கள் ஊர் மேட்டில், ஆகஸ்ட் குளிர் வேறு. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகும்.

15 ஆகஸ்ட் 2023

வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டார்.

2006-ல் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்திருந்தது அவர் இல்லை, நான். பதினேழு வருடமாக "நம்ம வீட்டில் ஒருத்தர்" என்று சொல்லிச் சொல்லி, எழுத உட்கார்ந்ததும் கை தானாக அவர் பெயரில் போட்டுவிட்டது. திருத்தம் போடாவிட்டால் சாப்பிட மாட்டேன் என்கிறார். போட்டாயிற்று, சாப்பிடட்டும்.

சரி, செய்தவளாகவே சொல்கிறேன். நான் குத்தக்கூட இல்லை. ஐஸுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி தெரிந்தது. அதில் முனையை விட்டு நெம்பினேன். பாளமாக வரும் என்று ஆசை. பாளமாகத்தான் வந்தது, கூடவே தகடும் கொஞ்சம் கிழிந்து வந்தது. அன்று கழன்று விழுந்த அந்த ஐஸ் துண்டு ஒரு இட்லித் தட்டு அளவுதான் இருக்கும். அதற்காக ஒரு பெட்டி போயிற்று.

மரக் கரண்டி, தோசைத் திருப்பி எல்லாம் பரவாயில்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐஸ் தானாகக் கழன்று தொங்க ஆரம்பித்த பிறகு பிளாஸ்டிக் தோசைத் திருப்பியால் தள்ளிவிடலாம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

20 ஆகஸ்ட் 2023

வரிசையாகக் கேட்டதால் எங்கள் வீட்டில் நடக்கிறபடி எழுதுகிறேன்.

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, மூன்று முள் பிளக்கையே உருவிவிட வேண்டும். குளிர் அளவுத் திருகை பூஜ்யத்தில் வைப்பது அணைத்ததாகாது, உள்ளே கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். உருவிய பிளக்கைத் தரையில் போடாதீர்கள், தண்ணீர் அங்கேதான் வரப்போகிறது. நான் ஒரு கயிறு கட்டி ஜன்னல் கம்பியில் மாட்டிவிடுவேன்.

பெட்டியின் அடியில், உள்ளே ஒரு மூலையில் ஒரு சின்ன அடைப்பான் இருக்கும். வெளியே கீழ்ப்பக்கம் அதற்கு வாய் இருக்கும். இரண்டையும் திறந்தால்தான் தண்ணீர் வரும். பல பேர் வீட்டில் இது இருப்பதே தெரியாமல் சொம்பால் மொண்டு ஊற்றுகிறார்கள். நானும் முதல் நாலு வருடம் மொண்டேன். வாய் தரையோடு தரையாக இருக்கும், வாளி உள்ளே போகாது. கேக் சுடுகிற தட்டையான தட்டை வைத்து, நிறைய நிறைய மாற்றுவேன். இப்போது பெட்டிக்கடியில் நாலு செங்கல் வைத்து உயர்த்திவிட்டோம், பேசின் போகிறது. காலிப் பெட்டியைத் தூக்கும்போதே செங்கல்லை வைத்துவிடுங்கள். நிறைந்த பெட்டியைத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டால் என்னிடம் வராதீர்கள்.

சுற்றிலும் பழைய துண்டு, செய்தித்தாள். தரை வழுக்கும். எங்கள் வீட்டுப் பின்கட்டு சிவப்புப் பாலிஷ் போட்ட சிமெண்ட், சொல்லவே வேண்டாம்.

பிறகு வெந்நீர். ஒரு அகல வாய்ப் பாத்திரத்தில் சுடச்சுடத் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்து, மூடியை லேசாகச் சாத்தி வைக்க வேண்டும். கால் மணிக்கு ஒரு தடவை மாற்றினால் ஆவி பட்டு ஐஸ் மெத்தென்று ஆகும். வெந்நீரை ஐஸ் மேல் நேராக ஊற்றக்கூடாது. பிளாஸ்டிக் உள்பகுதியாக இருந்தால் நெளியும், சில சமயம் விரியும்.

20 ஆகஸ்ட், திருத்தம்

பாத்திரத்துக்கு அடியில் மரப்பலகையோ மடித்த துண்டோ வைக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டேன். எங்கள் இப்போதைய பெட்டியின் அடியில் ஒரு வட்டம் இருக்கிறது. பாத்திரத்தின் அளவு.

21 ஆகஸ்ட் 2023

ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். ஒரு கையில் 230 வோல்ட், மறு கை ஈரத் தகட்டில், கால் தண்ணீரில். வீட்டு மின்பலகையில் (டிபி பெட்டி) எர்த் லீக்கேஜ், அதாவது கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்துகிற சுவிட்ச், இருக்கிறதே, விழுந்துவிடுமே என்றார் ஒருவர். விழும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழ வேண்டும். ஆனால் உங்கள் வீட்டு எர்த் லீக்கேஜின் சோதனைப் பட்டனைக் கடைசியாக எப்போது அழுத்திப் பார்த்தீர்கள்? நான் இதை எழுதுவதற்காக இன்றுதான் அழுத்தினேன். விழுந்தது. வீடு முழுக்க இருட்டு. பையன் கணினியில் எதையோ பாதியில் எழுதிக்கொண்டிருந்தானாம், அந்தச் சண்டை தனிக்கதை.

24 ஆகஸ்ட் 2023

அதே பையன் சமாதானமாகிக் கணக்குப் போட்டுக் கொடுத்தான். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். அதே சூட்டைக் கொண்டு ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்கு ஏற்றிவிடலாமாம். அதாவது 80 டிகிரி வெந்நீர் ஒரு லிட்டர், முழுக்க ஆறிக் குளிர்ந்தால், சுமார் ஒரு கிலோ ஐஸை உருக்கும். அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது.

போன வருடம் எங்கள் பெட்டியிலிருந்து பத்து லிட்டர் வாளியில் ஒன்றரை வாளி வந்தது. பதினைந்து லிட்டர். எங்கள் கெட்டில் 1.7 லிட்டர் பிடிக்கும். வெந்நீரை மட்டும் நம்பினால், அந்த 80 டிகிரிக் கணக்கில் ஒன்பது தடவை கெட்டில் வைக்க வேண்டும், அதுவும் சூடு துளி வீணாகாமல் இருந்தால். நான் நாலு தடவைக்கு மேல் வைத்ததே இல்லை. மீதி எல்லாம் சும்மா வருகிற காற்றுதான் செய்திருக்கிறது. இத்தனை வருடமாக வெந்நீருக்குக் கொடுத்த பெருமை கொஞ்சம் அதிகம் போலிருக்கிறது.

25 ஆகஸ்ட் 2023

கறி. இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

பெட்டியைக் காலி பண்ண முடியாதவர்கள் கூலர் பாக்ஸில் நெருக்கி அடுக்கி, மேலே செய்தித்தாள் சுற்றி, கம்பளி போட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வைக்கலாம். கறியைத் தனித்தனியாகப் பரப்பாதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் ஒன்றையொன்று குளிரவைத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பெட்டியில் இடம் இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் தெருவில் இது முறை வைத்து நடக்கிறது. சில சமயம் போன பையும் வந்த பையும் ஒன்றாக இருக்காது. எங்கள் நண்டுக்குப் பதிலாகக் கோழிக்கால் வந்த வருடமும் உண்டு.

திரும்ப வைக்கும்போது கையால் அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஐஸ் துகள் இன்னும் நறநறக்கிறதா, அல்லது ஃப்ரிட்ஜில் வைத்த மாதிரி 4 டிகிரிக்குள் சில்லென்று இருக்கிறதா, திரும்ப உறைய வைக்கலாம். ருசி கொஞ்சம் குறையும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் சூடேறி இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டால் தூக்கிப் போடுங்கள். உறைய வைத்தால் கிருமி சாகாது, தூங்கும். எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கும். மீனிலும் கொத்துக்கறியிலும் நான் தயவு பார்ப்பதே இல்லை.

மோந்து பார்த்து முடிவு பண்ணுவேன் என்கிற பெரியவர்களோடு வாதாடிப் பயனில்லை. வாசனை வராமலும் கெடும்.

27 ஆகஸ்ட் 2023

2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பற்றி ஒருவர் நினைவுபடுத்தினார். எங்கள் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்த வெள்ளம். அதில் ஃப்ரீசரைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நாலு நாள் கரண்ட் இல்லாத வீட்டில் பேச்சு அங்கேதான் வந்து நின்றது.

நிறைந்த பெட்டி மூடியே இருந்தால் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதிப் பெட்டி 24. எங்களுடையது நிறைந்திருந்தது. அத்தை ஒரு நாற்காலியைப் போட்டு மூடி மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார், யாரையும் திறக்க விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் திறந்தோம். மேல் அடுக்கு துவண்டிருந்தது, அடியில் மத்தி மீன் கல்லாகக் கிடந்தது. குளிர் காற்று கனம், கீழேயே தங்கும். படுக்கிற பெட்டியின் பெரிய சௌகரியமே அதுதான், திறந்தாலும் குளிர் கொட்டிவிடாது. ஐஸ் நறநறத்ததையெல்லாம் கேஸ் அடுப்பில் அன்றைக்கே சமைத்தோம். தெருவுக்கே சாப்பாடு. துவண்டு போனது குழிக்குப் போயிற்று, ஏறக்குறைய ஆறு கிலோ. அத்தை அதைப் பார்க்க வெளியே வரவில்லை.

30 ஆகஸ்ட் 2023

காசு வித்தை: ஒரு குவளையில் தண்ணீர் உறைய வைத்து மேலே ஒரு ராண்ட் காசை வைத்துவிட வேண்டும். ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பார்க்கும்போது காசு அடியில் கிடந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். நல்ல வித்தை. ஒன்று மட்டும், குவளையை மேல் அடுக்கில் வையுங்கள். அடியில் வைத்தால் மேலே இருக்கிற கோழி கெட்டுப்போன பிறகும் காசு அசையாமல் சிரித்துக்கொண்டிருக்கும்.

6 செப்டம்பர் 2023

நேற்றிலிருந்து லோட் ஷெட்டிங் ஆறாம் கட்டம். கட்டம் ஏற ஏறக் கரண்ட் போகிற நேரமும் ஏறும். புரட்டாசிக்கு முந்தின ஞாயிறு என்று திட்டம் போட்டவர்கள் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உருகுகிறபோது கரண்ட் இல்லாவிட்டால் நல்லதுதான். துடைத்து முடித்துப் பிளக்கை மாட்டுகிற நேரத்தில் இல்லாவிட்டால்தான் வம்பு, கறி கூலர் பாக்ஸில் காத்திருக்கும்.

அதோடு, கரண்ட் திரும்பி வருகிறபோது அடிக்கிற அடியில் கம்ப்ரஸர் போவது உண்டு. சில நிமிடம் தாமதித்துக் கரண்டை விடுகிற பாதுகாப்புப் பிளக் கடைகளில் கிடைக்கிறது. வாங்காதவர்கள் கரண்ட் போனதும் பிளக்கை உருவிவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்து மாட்டலாம். நின்ற கம்ப்ரஸருக்கு உள்ளழுத்தம் சமமாக அந்த நேரம் வேண்டும். மறுபடி மாட்ட மறந்துவிட்டால் மேலே சொன்ன குழி.

17 செப்டம்பர் 2023, ஞாயிறு

காலை 7.10. பிளக் ஜன்னல் கம்பியில். உள்ளே மீதி இருந்தது இரண்டு பை பச்சைப் பட்டாணி, ஒரு பை கறிவேப்பிலை, பெயர் எழுதாத ஒரு பொட்டலம். அவை ஃப்ரிட்ஜின் மேல் அறைக்குப் போயின.

8.30. மூடியின் ஓரத்தில் சொட்டு.

9.15. முதல் தட்டு நிறைந்தது. வீட்டுக்காரர் மேஜை விசிறியைக் கொண்டுவந்தார். விசிறி வீண் என்று நான் எப்போதும் சொல்வேன். "இன்னைக்கு ஒரு நாள் வச்சுப் பாரேன்" என்றார். பெட்டிக்குள் வைக்கவில்லை, நாலடி தள்ளி உலர்ந்த மேஜையில் வைத்து, பெட்டியின் திறந்த மேல்வாயைப் பார்த்துத் திருப்பிவிட்டோம்.

10.40. ஒரு பக்கச் சுவர் முழுக்க ஒரே பாளமாகக் கழன்று தடால் என்று விழுந்தது. அத்தை உள்ளறையிலிருந்து "மறுபடியுமா?" என்று கத்தினார்.

11.50. எல்லாம் முடிந்தது. நாலு மணி நாற்பது நிமிடம்.

விசிறியைப் பற்றி இத்தனை வருடம் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். பையன் விளக்கம்: டர்பன் காற்றில் ஈரம் அதிகம், அந்த ஈரம் ஐஸில் பட்டுத் தண்ணீராகும்போது தன்னிடமிருக்கிற சூட்டையும் இறக்கிவிட்டுப் போகிறது. வருடம் முழுக்க மூடியைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே புகுந்து ஐஸாகக் கட்டுவதும் இதே ஈரக்காற்றுதான். இந்த ஒரு நாள் நம் பக்கம் வேலை செய்கிறது.

18 செப்டம்பர் 2023

துடைப்பது: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு இரண்டு மேஜைக்கரண்டி சோடா உப்பு. மீன் வாடைக்கு அது போதும். சாப்பாட்டு உப்பைத் தூவி ஐஸை உருக்கலாம் என்கிறார்கள். உருகும், தகடும் அரிக்கும். மூடியைச் சுற்றி இருக்கிற ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, மடிப்புக்குள் விரலை விட்டுப் பாருங்கள். எங்கள் மடிப்பில் ஒரு கிராம்பு, இரண்டு பட்டாணி, முறுக்குத் துணுக்கு. ஃப்ரீசரில் முறுக்கு எப்படி வந்தது என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஈரம் ஒரு துளி விடாமல் துடைக்க வேண்டும். மீந்த துளிதான் அடுத்த ஐஸுக்கு விதை. பிறகு காலியாகவே நாலைந்து மணி நேரம் ஓடி, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரிக்கு இறங்கின பிறகு சாமான்களை வையுங்கள், ஒரேயடியாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக.

பெயர் எழுதாத பொட்டலம்: உருகிப் பார்த்ததில் சமூசாவுக்கு வதக்கின வெங்காயம்.

3 அக்டோபர் 2023

புதுப் பெட்டி வாங்கியவர் ஒருவர், வெளிச்சுவர் சுடுகிறது, பழுதா என்று பதறுகிறார். பழுது இல்லை. பல பெட்டிகளில் சூட்டை வெளியேற்றும் குழாய் வெளித் தகட்டுக்கு உள்பக்கமாக ஓடுகிறது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், மேலே துணி மூட்டை அடுக்காதீர்கள்.

அவர் பெட்டியில் தீ படம் போட்ட மஞ்சள் முக்கோணம் ஒட்டியிருக்கிறதாம். அது வேறு சங்கதி. உள்ளே ஓடுகிற குளிர் வாயு R600a, அதாவது ஐசோபியூட்டேன், சமையல் கேஸின் பங்காளி. உள்ளே இருப்பது கொஞ்சம்தான், வீட்டுப் பெட்டிகளுக்கு 150 கிராம் உச்சவரம்பு. ஆனால் என்னை மாதிரி ஸ்க்ரூடிரைவர் போட்டால், 2006-ல் எனக்குப் பெட்டி மட்டும் போன மாதிரி முடியாது. சமையல் கேஸில் நாற்றம் சேர்த்திருப்பார்கள், இதில் சேர்ப்பதில்லை. மூக்கு உதவாது. சீறல் கேட்டால் ஜன்னலைத் திறங்கள், அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதையும் பற்ற வைக்காதீர்கள். எந்தச் சுவிட்சையும் தொடாமல் எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள்.

புரட்டாசியில் காலையும் மாலையும் விளக்கேற்றுகிற வீடு. பின்கட்டில் பெட்டி திறந்து கிடக்க, பக்கத்திலேயே சாம்பிராணி. இப்போதுதான் உறைக்கிறது.

4 அக்டோபர் 2023

குழந்தைகள். இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். காலியாகத் திறந்து கிடக்கிற பெட்டி அவர்களுக்கு ஒளிந்து விளையாடும் இடம். மூடி விழுந்தால் உள்ளே இருக்கிற காற்று தீர்ந்துவிடும், சத்தமும் வெளியே வராது. உருகுகிற நாளில் யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பூட்டு உள்ள பெட்டியென்றால் சாவி பெட்டியில் தொங்கக்கூடாது. பழைய பெட்டியைத் தூக்கிப் போடுகிறவர்கள் மூடியைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். 2006 பெட்டியின் மூடியை நாங்கள் கழற்றினோம். அந்தப் பெட்டியில் இன்று அத்தை புதினா வளர்க்கிறார்.

19 நவம்பர் 2023

ஒரு பக்கம் மட்டும் ஐஸ் ஏறுகிறதே என்று கேட்டவருக்கு: ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, எரிகிற டார்ச் ஒன்றை உள்ளே வைத்து மூடுங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே ரப்பர் பிடிக்கவில்லை. ஒரு காகிதத்தை இடையில் வைத்து மூடி இழுத்துப் பார்ப்பதும் உண்டு, வழுக்கி வந்தால் பிடிப்பு இல்லை. எங்களுக்கு இடது பின்மூலை. ரப்பரை வெந்நீர்த் துணியால் ஒற்றி நீவிவிட்டதில் பழைய வடிவத்துக்கு வந்தது.

2 பிப்ரவரி 2025

பத்து மாதம் லோட் ஷெட்டிங் இல்லாமல் இருந்து மறந்தே போயிற்று. வெள்ளிக்கிழமை, ஜனவரி 31 சாயங்காலம், திரும்ப வந்தது. பாதுகாப்புப் பிளக்கைக் கழற்றிப் பையன் தன் கணினிக்கு மாட்டியிருந்தான். பெட்டி தப்பித்தது.

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

இந்த வருடம் ஐஸ் ஒரு விரல்கூட இல்லை. ரப்பரை நீவினதன் பலன். ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் கெட்டில் பக்கமே போக வேண்டியதில்லை. விசிறி, மூன்று மணி நேரம், முக்கால் வாளி. முதலில் கேட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க்காரர் மச்சானோடு சமாதானமாகிவிட்டாராம். மச்சானே இப்போது வருடா வருடம் வந்து வாளி தூக்குகிறார் என்று எழுதியிருக்கிறார்.

ஒரே ஒரு பிரச்சினை. உள் அடைப்பானைக் காணவில்லை. அது இல்லாமல் ஓட்டினால் அந்த ஓட்டை வழியாக ஈரக்காற்று ஏறி அடியில் ஐஸ் கட்டும். தேடாத இடம் இல்லை. இப்போதைக்கு ஒரு கார்க்கைச் சீவி அடைத்திருக்கிறேன்.

15 செப்டம்பர் 2025

கிடைத்தது. வீட்டுக்காரரின் கால்சட்டைப் பையில், சலவை இயந்திரத்தில் ஒரு சுற்றுப் போய் வந்து, பளபளவென்று. "தொலைஞ்சிடக் கூடாதுன்னு பத்திரமா வச்சேன்" என்கிறார். இதற்குத் திருத்தம் எதுவும் போடுவதாக இல்லை.